மேல்நிலத்தில் சும்மா இருந்தவர்கள்

வெள்ளை வெள்ளையாய்ச் சதுரங்கள், குன்றின் உச்சியில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேலே பறந்துபோன எவனோ பார்த்தது, பார்த்ததைப் படமாகப் பிடித்துக்கொண்டும் போனது, அந்தப் படம் இப்போது தகரக் கூரை போட்ட இந்த ராணுவ விசாரணை அறையின் மேசைமேல் கிடக்கிறது, வெள்ளையெல்லாம் பாறை என்கிறார் இஸ்ரேல் அரசாங்கம் அழைத்து வந்த நிபுணர், இது பாறை, இதுவும் பாறை என்று பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார், அவர் தொடுகிற ஒவ்வொரு முறையும் நிலத்துக்குச் சொந்தக்காரி விதாதுக்கு நெஞ்சில் ஒரு குத்து, ஏனென்றால் பாதிக்கு மேல் பாறை என்று ஆகிவிட்டால் மேல்நிலம் போயிற்று, எதிர்க் குன்றில் சிவப்பு ஓடு வேய்ந்து வரிசையாக நிற்கிற யூதக் குடியேறிகளின் வீடுகள் இந்தக் குன்றுக்கும் நடந்து வந்துவிடும், அப்பா நட்ட அத்திமரங்களுக்கு அடியில் யாரோ கார் நிறுத்துவார்கள். சட்டம் துருக்கியர் காலத்தது, துருக்கியர் போய் எத்தனையோ காலமாயிற்று, அவர்கள் சட்டத்துக்கு மட்டும் சாவு வரவில்லை, உழுதவனுக்கு நிலம், உழாமல் போட்டால் சர்க்காருக்கு, சர்க்கார் என்றால் எந்தச் சர்க்கார் என்று அதில் எழுதவில்லை போலிருக்கிறது, வந்த சர்க்காரெல்லாம் அதையே தூக்கிப் பிடிக்கிறது. வக்கீல் நபீஹ் இதை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பி ஆறிப்போகிற வரைக்கும் விளக்கியிருக்கிறார், மகன் பெயரைச் சேர்த்து ஆயித்தின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவார், உம்மு ஆயித், நிலம் உங்களதுன்னு நீங்க சொன்னா போதாது, பத்து வருஷம் பயிர் செஞ்சீங்கன்னு காட்டணும், மரம் இருக்கே உஸ்தாத், மரம் இருக்கும்மா, ஆனா மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல பாறையாம், நூத்துக்கு அம்பத்தொண்ணு பாறைன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கான். அம்பத்தொண்ணா, ஒரு கை மண்ணைக் கூடப் போட்டிருந்தா நாம ஜெயிச்சிருப்போமே என்று அவள் கேட்டாள், அவர் சிரிக்கவில்லை.

அதுவாவது பரவாயில்லை, போன விசாரணையில் அவள் தம்பி ரஸ்மி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் தாங்க முடியாதது, ஐம்பது வயதை நெருங்கியவன், நரைத்த மீசை, சாட்சி சொல்லக் கூப்பிட்டதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போனான், அரசுத் தரப்பு வக்கீல் ஒரு சின்னப் பெண், மரியாதையாகத்தான் கேட்டாள், மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த சிப்பாய் அதை அரபியில் சொன்னான், கோடைக்காலம் முழுக்க அந்த நிலத்துலயே தங்குவோம்னு சொன்னீங்களே, அங்க என்ன வேலை செய்வீங்க, ரஸ்மி வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான், கோடையிலயா, கோடையில எவன் வேலை செய்வான், மேல போவோம், பாய் விரிச்சுப் படுப்போம், அத்திப்பழம் தின்போம், ராத்திரி பாட்டுப் பாடுவோம், சும்மா இருப்போம். சும்மா இருப்போம் என்பதை அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், வக்கீல் நபீஹ் கண்ணை மூடிக்கொண்டார், விதாதுக்கு அந்த இடத்திலேயே அவனை இரண்டு அறை அறைய வேண்டும்போல் இருந்தது, அவளுக்குத் தெரியும் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று, அத்தி பழுக்கிற காலத்தில் ஊரோடு மேலே ஏறி, கல்லால் கட்டிய காவல் கோபுரத்தில் குடியிருந்து, திராட்சை முடிகிறவரை ஓய்ந்து கிடப்பதுதான் அவர்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் கௌரவம், கோடையிலும் மாரடித்தோம் என்று அந்நியர் முன்னால் சொல்வது நாங்கள் கஞ்சிக்கு இல்லாதவர்கள் என்று சொல்வதுபோல, கௌரவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நிலத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டான், வரும் வழியெல்லாம் அவன் திரும்பத் திரும்ப, நான் உள்ளதைத்தானே சொன்னேன் அக்கா, உள்ளதைத்தானே சொன்னேன்.

இன்றைக்கு நிபுணரின் முறை, யோராம் என்று பெயர், வயதானவர், வாழ்நாளெல்லாம் வானத்துப் படங்களைக் குனிந்து பார்த்தே கூன் விழுந்தவர், அவரிடம் குட்டிக் கால்கள் முளைத்த இரட்டைக் கண்ணாடி ஒன்று இருந்தது, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து அதன் வழியாகப் பார்த்தால் தட்டையாகக் கிடக்கிற நிலம் எழுந்து நிற்குமாம், வக்கீல் நபீஹ் பார்த்தார், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார், பிறகு என்ன தோன்றியதோ, மனுதாரரும் பார்க்கட்டும் என்றார், மேல்முறையீட்டுக் குழுவின் தலைவராக நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். விதாத் எழுந்துபோய்க் குனிகிறாள், முதலில் ஒரே சாம்பல் மூட்டம், கண் கூசுகிறது, பிறகு குன்று எழுகிறது, யா அல்லாஹ், குன்று அப்படியே எழுந்து அவள் முகத்துக்கு நேரே வருகிறது, அத்திமரங்கள் உருண்டை உருண்டையாய்த் தலை தூக்குகின்றன, காவல் கோபுரம் நிற்கிறது, இப்போது பாதி இடிந்து கிடக்கிற அதே கோபுரம், முழுசாக, குட்டை நிழலோடு, உச்சி வெயில், அத்திப்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் அரிக்கிறது, இப்போது அரிக்கிறதா அப்போதா, பத்து வயது, கையில் ஒரு தகர டப்பா, உள்ளே கூழாங்கற்கள், கோபுரத்து உச்சியில் அவளை ஏற்றிவிட்டிருக்கிறார்கள், பறவை வந்தால் டப்பாவை ஆட்ட வேண்டும், கீழே யம்மா முள்செடியைப் பரப்பி அதன்மேல் துணியை விரிக்கிறாள், துணி என்றால் சும்மா துணியா, நிவாரண மாவு வந்த மூட்டைகளைப் பிரித்து, வெளுத்து, நாலு வீட்டுப் பெண்கள் மாரிக்காலம் பூராவும் உட்கார்ந்து ஒன்றோடொன்று தைத்த துணி, எத்தனை வெளுத்தாலும் போகாத நீல எழுத்து ஓரத்தில் தெரியும், பக்கத்துச் சரிவுக்காரர்களும் தங்கள் பழத்தை இங்கேதான் கொண்டு வருவார்கள், மேல்நிலத்தில்தான் காற்று, அதனால் உச்சி முழுக்கத் துணி, துணிமேல் பிளந்து வைத்த அத்தி, வெயில் சாய்ந்தால் மூட வேண்டும், விடிந்தால் திறக்க வேண்டும், மத்தியானம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும், முதுகு ஒடியும், அப்பாவும் பெரியப்பாவும் நிழலில் படுத்திருக்கிறார்கள், அவர்கள் காலடியில் எட்டு வயது ரஸ்மி, ஆம்பிளைப் பிள்ளை, வாயில் ஒரு பழத்தோடு தூங்குகிறான், வானத்தில் ஒரு சத்தம், விமானம், விதாத் டப்பாவை அதை நோக்கி ஆட்டுகிறாள், அது வெள்ளியாய் மின்னிக்கொண்டு போகிறது, யம்மா கீழேயிருந்து கத்துகிறாள், அங்க என்னடி பார்வை, பறவையைப் பாரு, விமானம் உன் பழத்தைத் தின்னாது.

அவள் குனிந்தபடியே சிரித்துவிட்டாள் என்று பிறகு வக்கீல் நபீஹ் சொன்னார், அவளுக்குச் சிரித்த ஞாபகம் இல்லை, கோபம் வந்த ஞாபகம்தான் இருக்கிறது, நிமிர்ந்து, அறையில் இருந்த அத்தனை சீருடைகளையும் தாண்டி, கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துத்தான் அவள் பேசினாள், சும்மா இருந்தோமா, நீ சும்மா இருந்தே, அப்பா சும்மா இருந்தாரு, நாங்க சும்மாவா இருந்தோம், யம்மா சும்மாவா இருந்தா, மொழிபெயர்க்கிற சிப்பாய் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தான், தலைவர் சொல்லு என்றார். பாறைக்கு எங்கேயாவது மூலை உண்டா, நல்லாப் பாருங்க, நாலு மூலையும் நேரா இருக்கு, அது எங்க துணி, அத்திப்பழம் காயப்போட்ட துணி, இதோ இந்த ஓரம் மடிஞ்சு கிடக்கே, அந்த மூலைக்குக் கல் வைக்க மறந்துட்டு நான்தான் திட்டு வாங்கினேன். யோராம் இரட்டைக் கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு தன் பையைத் திறந்து வேறொரு படத்தை எடுத்து வைத்தார், அதே குன்று, அடுத்த மாரியில் எடுத்தது, வெள்ளைச் சதுரங்கள் இருந்த இடத்தில் கறுப்பாக ஈர மண், மண்மேல் மெலிதாக உழவுச் சால், மாரியில் பயறு விதைப்பார்கள், அதை ரஸ்மியும் சொன்னான்தான், ஆனால் சும்மா இருந்தோம் என்றவன் சொன்ன மற்றதை யார் காதில் வாங்கினார்கள், யோராம் தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு ஹீப்ருவில் ஏதோ முணுமுணுத்தார், சிப்பாய் அதையும் விடாமல் சொன்னான், பாறை மாரிக்காலத்துல எங்கயும் எழுந்து போகாது என்கிறார்.

அந்தச் சின்னப் பெண் விட்டுவிடுவாளா, சட்டென்று எழுந்தாள், பழம் காயப்போடுவது பயிர்செய்வது ஆகுமா, துருக்கியர் சட்டத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்றாள், கெட்டிக்காரிதான், ஆனால் வக்கீல் நபீஹ் இந்த மாதிரி ஒரு கேள்விக்காகவே பிறந்தவர்போல் சாவதானமாக எழுந்து நின்றார், ஆகாது, நான் ஒப்புக்கொள்கிறேன், காயப்போடுவது பயிர்செய்வது ஆகாது, ஆனால் பழம் எந்தத் துணிமேல் காய்ந்தது என்பதல்ல வழக்கு, துணிக்கு அடியில் என்ன இருந்தது என்பதுதான் வழக்கு, மண் இருந்தது என்று உங்கள் சாட்சியே சொல்கிறார், துணியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள், அம்பத்தொன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். தலைவர் கொஞ்ச நேரம் எழுதினார், பிறகு ரஸ்மியை எழுந்திருக்கச் சொன்னார், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, ரஸ்மி தொப்பியைக் கையில் கசக்கினான், ஸெய்யிதி, நீங்க வேலையைத்தானே கேட்டீங்க, அது பொம்பளைங்க செய்றது, அதை யாரு வேலைன்னு நினைச்சா. அறையில் யாரோ சிரித்தார்கள், அந்தச் சின்னப் பெண்ணும் குனிந்து காகிதத்தை அடுக்குகிற சாக்கில் சிரித்த மாதிரி இருந்தது, விதாத் சிரிக்கவில்லை, வேலைன்னு நினைக்கலையாம், வேலைன்னு நினைக்கலையாம் என்று அவளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, அது யம்மாவின் குரல்போலவும் இருந்தது.

தீர்ப்பு பல மாதம் கழித்துத்தான் வந்தது, தொலைபேசியில், அவள் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது, உம்மு ஆயித், உட்கார்ந்துட்டுக் கேளுங்க என்றார் வக்கீல் நபீஹ், நின்னுக்கிட்டே கேக்கிறேன் சொல்லுங்க உஸ்தாத், மேல்நிலத்தை எடுத்துட்டாங்க, அவளுக்கு அடுப்படி சுற்றியது, எடுத்துட்டாங்களா, ஐயோ, இல்லம்மா, இல்ல, நீலக் கோட்டுக்கு வெளியே எடுத்துட்டாங்க, அது உங்களுதுதான், சர்க்கார் நிலமில்ல. வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், கத்தரிக்காய் கருகிற்று, கருகட்டும், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, வரைபடத்தில் நீல மையில் போட்டிருந்த கோடு, அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் சர்க்காருக்கு, அந்தக் கோடு மேல்நிலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு வளைவு வளைந்து ஒதுங்கிப் போகிறதாம், பக்கத்துச் சரிவு மட்டும் உள்ளேதான், ஹம்தான் வீட்டாரின் சரிவு, அவர்கள் பழத்தையும் இங்கேதானே காயப்போட்டார்கள், அதனால் அவர்கள் சரிவில் கழிக்கத் துணி இல்லை, அங்கே வெள்ளையாக விழுந்ததெல்லாம் பாறையாகவே நின்றது, அவர்கள் மேல்முறையீடும் தோற்றது. அந்த வீட்டுக்குப் போய் அவள் உட்கார்ந்திருந்தாள், ஹம்தானின் மனைவிதான் அவள் முழங்காலில் தட்டி, ஒண்ணாவது தப்பிச்சுதே, அத்தி பழுத்ததும் ஏறு, எங்க பங்கையும் சேர்த்துக் காயப்போடு என்றாள்.

ஏறியாயிற்று, வழக்கால் மூன்று கோடை எட்டிப் பார்க்காத மேல்நிலத்துக்கு, ஆகஸ்டு வெயில், எதிர்க் குன்றிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது, ஒருவன் இறங்கி, இவர்களைப் பார்த்துவிட்டு, தீர்ப்பின் நகலை ரஸ்மி தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவதையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான், மாவு மூட்டைத் துணி இப்போது எங்கே கிடைக்கிறது, வீட்டில் இருந்த படுக்கை விரிப்புகளைத்தான் கொண்டு வந்திருக்கிறாள், ஹம்தானின் மனைவி கொடுத்தனுப்பியதும் இரண்டு உண்டு, வெள்ளைதான் வேண்டும் என்று சொல்லி வாங்கினாள், முள்செடியைப் பரப்பி, துணியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, கடைசி மூலைக்கு இன்னொரு கல்லும் வைத்து, பிறகு விதாத் பாயை உதறி இடிந்த கோபுரத்தின் நிழலில் போட்டுப் படுத்துவிட்டாள், ரஸ்மி கூடையோடு நின்றான், அக்கா, பழத்தை யாரு பிளக்கிறது, நீதான், நானா, ஆமா, நான் சும்மா இருக்கப் போறேன், எங்களுக்கும் கௌரவம் இருக்கில்ல. அவன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான், கொஞ்ச நேரத்தில் விரலைச் சொறிய ஆரம்பித்தான், அத்திப்பால், அவள் கண்ணை மூடினாள், காற்று வந்தது, அதே காற்று, கையில் டப்பா இருக்கிறதா இல்லையா, எங்கோ உயரத்தில் ஒரு சத்தம், ரஸ்மி கையில் பாதி பிளந்த பழத்தோடு அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான், பயந்துபோன மாதிரி, வெள்ளைத் துணிகளுக்கு நடுவே அசையாமல், அவளுக்குக் கண்ணைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அங்க என்னடா பார்வை, பழத்தைத் திருப்பு, விமானம் உன் பழத்தைத் தின்னாது.