தேவமனோகரியின் குதிகால்

நடிகை தேவமனோகரி செத்துப்போனாலும் போனாள், நாட்டில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் காதலி ஆகிவிட்டாள். மெட்ராஸிலிருந்து வரும் சினிமாப் பத்திரிகை ஒன்று வாரம் ஒருத்தரைப் பிடித்து 'அவளும் நானும்' என்று எழுத வைத்தது. கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர் எழுதினார். திருச்சியில் ரிட்டயர்டான ரயில்வே கார்டு ஒருவர் எழுதினார். வண்டி நின்ற ஸ்டேஷனில் எல்லாம் அவள் இறங்கி இவரைத் தேடினாளாம். நானும் பக்கத்து வீட்டு டோரீனும் படித்துப் படித்துச் சிரித்தோம். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்?

அடுத்த வாரம் என் புருஷன் மதலைமுத்து எழுதியிருந்தார்.

அவர் எங்கள் ஊர் கன்டோன்மென்ட்டில் ஒரு டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிறவர். நாற்பத்தேழில் அந்த டாக்கீஸுக்கு தேவமனோகரி ஒரே ஒரு தடவை, நூறாவது நாள் விழாவுக்கு வந்தாள். இவர் ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு "தேங்ஸ்" என்றாள். அவ்வளவுதான் சங்கதி. அதை எழுதியிருந்தால் நானும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருப்பேன்.

அவர் எழுதியது வேறு. அதே வருஷம் மாதா திருவிழாவுக்கு அவள் யாருக்கும் தெரியாமல் காவிப் புடவை கட்டி, முக்காடு போட்டு, நேர்ச்சைக்காரப் பெண்களோடு வெறுங்காலில் நடந்து வந்தாளாம். தேர் திரும்பும் இடத்தில் அவள் குதிகாலில் சோடா பாட்டில் கண்ணாடி ஏறிவிட்டதாம். இவர் அவளை மெழுகுவத்திக் கடைப் பலகையில் உட்கார வைத்து, அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்காலேயே கண்ணாடியை எடுத்து, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாராம். "வலிக்குதா?" என்று கேட்டாராம். "நீங்க பிடிச்சிருக்கிற வரைக்கும் வலிக்கல" என்றாளாம்.

அடப்பாவி மனுஷா! அது நான்!

காவிப் புடவை என்னுடையது, ஊக்கு என்னுடையது, கால் என்னுடையது. அந்தப் பேச்சும் என் வாயிலிருந்து வந்ததுதான். சொல்லிவிட்டு வெட்கம் தாங்காமல் கூட்டத்துக்குள் ஓடிவிட்டேன். அடுத்த மாதமே அவர் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். அன்றிலிருந்து ஜீவனஹள்ளியில் இந்த ஒற்றை அறையில் ஊரார் ரவிக்கையெல்லாம் தைத்துக்கொண்டு கிடக்கிறேன். எனக்கென்று நான் வைத்திருந்தது அந்தக் கால்மணி நேரம் ஒன்றுதான். அதையும் தூக்கி ஒரு சினிமாக்காரிக்குக் கொடுத்துவிட்டார்.

சோறு போடும்போது கேட்டேன். "அந்தக் காலு யாருது?"

"சும்மனே இரு பெர்னதெத். பத்திரிகைன்னா அப்பிடித்தான். உன் பேரு போட்டா எவன் படிப்பான்?"

"பத்திரிகைல போட வேணாம். அது நான்தான்னு ஒரே ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. டோரீன்கிட்ட சொன்னாக்கூடப் போதும்."

"ஆகட்டும், சொல்றேன்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சொல்லவில்லை. அதற்குள் கதை கேட்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் காப்பி போட்டுக் கொடுக்க, அவர் கதை சொல்வார். சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. மழை வந்தது, அவள் கண்ணில் நீர் வந்தது. முதலில் எல்லாம் அந்த இடம் வரும்போது என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வார். போகப்போக அதுவும் நின்றுவிட்டது. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேவமனோகரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது டோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் புருஷன் சங்கதிய எப்பிடிக்கா இத்தினி வருஷம் மனசுல வச்சிகினு இருந்தே?"

"அடியே, அது நான்டி!" கோயில் வாசல் என்றும் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினேன். அரிசி நீளத்துக்கு வெள்ளையாகத் தழும்பு இருக்கிறது.

டோரீன் குனிந்து பார்த்தாள். "யாரு காலுலதான் வெடிப்பு இல்ல? விடுக்கா, போய்ச் சேந்துட்டவ மேல இன்னாத்துக்குக் கோவம்?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாட்டாமலே பாதி தூரம் நடந்துவிட்டேன்.

அப்புறம் ஸ்ரீராம்புரத்திலிருந்து இளங்கோவன் வந்தான். தேவமனோகரி ரசிகர் மன்றத்துச் செயலாளர். நினைவுக் கூட்டம் போடுகிறார்களாம், அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம், அண்ணியும் கட்டாயம் வரவேண்டுமாம். அவன் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடையில சொல்லிடுங்க. இல்லாட்டி நானே சொல்லிடுவேன்."

"சரி சரி, சொல்றேன். பேஜார் பண்ணாதே."

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். தேவமனோகரி படத்துக்கு ஆளுயர மாலை. இவர் மைக்கைப் பிடித்து, தேர், கூட்டம், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குதிகாலைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். முடிக்கிற இடத்தில் என் பக்கம் திரும்பினார். சொல்லுங்க, சொல்லுங்க என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

இளங்கோவன் மைக்குக்கு வந்தான். "இவ்வளவும் தெரிஞ்சும் முகம் கோணாம அண்ணனோட குடும்பம் நடத்துற அண்ணிக்கு, மன்றத்தின் சார்பில் 'தியாகச் சுடர்' பட்டம் வழங்குகிறோம்!"

என்னை மேடைக்கு இழுத்து ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். மைக்கைப் பிடுங்கினேன். "எனக்குப் பட்டமும் வேணாம், மண்ணும் வேணாம். அந்தக் காலு என்னுது! கண்ணாடி ஏறினது என் குதிகாலுல!"

பந்தல் அப்படியே அடங்கிப்போனது. அப்பாடா, கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இளங்கோவன் கண்கலங்கி மைக்கை வாங்கினான். "பாத்தீங்களா தோழர்களே! தலைவி பட்ட வலியைத் தன் வலியா நினைக்கிற மனசு! இந்த மனசு யாருக்கு வரும்?"

விசிலும் கைத்தட்டலும் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயின. திரும்பிப் பார்த்தேன். மதலைமுத்துவும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேப்பரைத் தள்ளிவிட்டு, வலது காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன்.

"பாருங்க" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார். கட்டை விரலால் தழும்பை மெதுவாகத் தடவினார். அன்றைக்குத் தடவிய அதே விரல்.

"அடடா" என்றார். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. "இது எப்பப் பட்டுது பெர்னதெத்? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

காலை இழுத்துக்கொண்டேன்.