சினேகா கண் திறந்த படம்

கஸ்தூரியம்மாள் ஸ்டுடியோவுக்குள் வந்ததும் ஆல்பத்தைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் கணவன் சுருளிராஜனும் எடுத்துக் கொடுத்த நிச்சயதார்த்த ஆல்பம்தான். பூ வைக்கிற படம், தட்டு மாற்றுகிற படம், மாப்பிள்ளையோடு நிற்கிற படம். எல்லாவற்றிலும் கஸ்தூரியம்மாளின் மகள் சினேகா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"எம்மக தூங்கிக்கிட்டே நிச்சயம் முடிச்ச மாதிரியில்ல இருக்கு," என்றாள் கஸ்தூரியம்மாள். "பொண்ணுக்கு வெளிச்சம் ஆகாதான்னு மாப்ள வீட்டுல கேக்குறாக. நான் என்னத்தச் சொல்றது?"

மாரீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. பிலிம் கேமராவில் கழுவி வந்த பிறகுதானே தெரியும். அன்றைக்கு ஃப்ளாஷ் அடிக்கப் போகிற சமயம் பார்த்துச் சினேகாவின் இமை இறங்கியதை அவள் கவனிக்கவில்லை.

"கல்யாணத்துல அப்பிடி வராது அத்தை. நாங்க புதுக் கேமரா வாங்கப் போறோம்."

வாங்கப் போவது உண்மைதான். கம்பம் ஊரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எதை வாங்குவது என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. கல்யாணங்களில் போட்டோ மாரீஸ்வரி எடுப்பாள், வீடியோ சுருளிராஜன் எடுப்பான். கேமராவோடு நீளமான ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று அவன் பிடிவாதமாக நின்றான். அதற்குக் காரணமும் இருந்தது. பொட்டிப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் முழ நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவோடு வந்து நிற்க, சொந்தக்காரர்கள் எல்லோரும் அவன் கேமராவைப் பார்த்தே சிரித்து போஸ் கொடுத்தார்கள். கூலிக்கு வந்த இவர்கள் ஓரமாக நின்றார்கள். அது சுருளிராஜன் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

"கல்யாண வீட்டுல கேமராவப் பாத்துத்தான் மருவாதி, மாரி. சின்னதா எதையாவது தூக்கிட்டுப் போனா இலையில உப்புக்கூட வைக்க மாட்டாக."

கேமரா வாங்க மதுரைக்குப் போகிற அன்று மாரீஸ்வரி ஒரு வேலை செய்தாள். ஜாக்கெட் துணி எடுக்க மதுரை போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த சினேகாவையும் கூடவே பஸ் ஏற்றிக்கொண்டாள். சுருளிராஜனுக்கு முதலில் புரியவில்லை. கேமராக் கடையில் சினேகாவை ஸ்டூலில் உட்கார வைத்து, "இந்தப் பிள்ளையக் கண்ணு முழிக்க வச்சு எடுக்குற கேமரா எதுவோ அதக் குடுங்க," என்று அவள் கடைக்காரரிடம் சொன்னபோதுதான் புரிந்தது.

கடைக்காரர் ஞானசிகாமணி சிரித்தார். இதென்ன பெரிய வேலை என்று ஜூம் லென்ஸும் ஃப்ளாஷும் மாட்டி ஒன்று எடுத்தார். பின்பக்கத் திரையில் பார்த்தால் கண் மூடியிருந்தது. இன்னொன்று எடுத்தார். மூடியிருந்தது. மூன்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றி இரண்டிலேயே அழுத்தினார். அதிலும் மூடித்தான் இருந்தது. கடைக்கு வந்த மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"நான் வேணும்னு செய்யலக்கா," என்றாள் சினேகா. பாவம், முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அடிக்கப் போறாகன்னு தெரிஞ்சாலே தன்னால மூடிக்குது."

"அப்ப அடிக்கவே வேணாம்," என்றாள் மாரீஸ்வரி. "ஃப்ளாஷ் இல்லாம, இருக்குற வெளிச்சத்துல எடுக்குற லென்ஸ் இருக்குமில்ல?"

ஞானசிகாமணி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். ஐம்பது எம்.எம். லென்ஸ். தைல டப்பா உயரம்கூட இல்லை. குறைந்த வெளிச்சத்தையும் நன்றாக வாங்கும், ஆனால் ஜூம் ஆகாது, கிட்டத்தில் வேண்டுமென்றால் ஆள்தான் கிட்டப் போகவேண்டும் என்றார். மாரீஸ்வரி கேமராவைக் கையில் வாங்கினாள். ஷோகேஸ் விளக்கு வெளிச்சம் மட்டும் சினேகாவின் கன்னத்தில் விழுந்தது. என்ன ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறாய் என்று பேச்சுக் கொடுத்தபடியே அழுத்தினாள்.

திரையில் சினேகா கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள். அவளே அதை வாங்கி வாங்கிப் பார்த்தாள். "எனக்கு இம்புட்டுப் பெரிய கண்ணா?" என்றாள்.

கேமராவோடு ஒரு லென்ஸ் வாங்கத்தான் வசதிப்பட்டது. சுருளிராஜன் ஜூம் லென்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு, "சரி, அந்தச் சின்னதையே கட்டுங்க," என்றான். உசிலம்பட்டி தாண்டும்வரை பஸ்ஸில் அவன் லென்ஸை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, "டப்பா மூடி மாதிரி இருக்கு," என்று மட்டும் சொன்னான். மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரான கடமலைக்குண்டில். வீட்டு வாசலில் பந்தல், விடியும் நேரத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை விஜயபாண்டியின் தாய்மாமன் வீரணன்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மாரீஸ்வரியின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"எங்கம்மா ஃப்ளாஷ்? மறந்துட்டு வந்துட்டீகளா?"

"இதுக்கு வேணாம்ண்ணே."

"வெளிச்சம் அடிக்காத போட்டோவா? நல்லாருக்கே," என்றபடி அவர் பந்திப் பக்கம் போனார். சுருளிராஜன் அவளை ஒரு பார்வை பார்த்தான். நான் அப்பவே சொன்னேனே என்கிற பார்வை.

உண்மையான சிக்கல் மணவறையில்தான் வந்தது. சினேகா வந்து உட்கார்ந்ததும் சுருளிராஜன் வீடியோ லைட்டைப் போட்டான். வெள்ளை வெளிச்சம் முகத்தில் பளீரென்று விழ, அவள் இமைகள் இறங்கிப் பாதிக் கண்ணோடு நின்றன. ஃப்ளாஷை நினைத்தாளே ஒழிய, புருஷன் கையிலிருக்கிற லைட்டை மாரீஸ்வரி நினைக்கவே இல்லை.

அவனிடம் நகர்ந்து போனாள். "ஏங்க, லைட்ட அமத்துங்க."

"அமத்துனா எனக்கு வீடியோ இருட்டாப் போகும். பிறகு கேசட்ட யாரு பாக்குறது?"

"பிள்ளையப் பாருங்க."

அவன் பார்த்தான். ஐயர் மந்திரத்தை வேகப்படுத்திவிட்டார். தாலித் தட்டு கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுருளிராஜன் லைட்டையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று லைட்டை முகத்திலிருந்து எடுத்து, தலைக்கு மேலே, பந்தலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்க்கத் திருப்பினான். துணியில் பட்ட வெளிச்சம் மணவறை முழுக்கப் பாலாகப் பரவி இறங்கியது. சினேகாவின் இமைகள் மெல்ல ஏறின.

"இது எப்பிடி?" என்றான்.

மாரீஸ்வரிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. அட்சதையோடு எழுந்து நின்றவர்கள் மறைத்தார்கள். குனிந்து, ஒரு பெரியவரின் வேட்டியை ஒதுக்கி, மணவறைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். கெட்டிமேளம் முழங்கியது. விஜயபாண்டி தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். சினேகா தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள். மாரீஸ்வரி அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

சடங்கு முடிந்து ஆசுவாசமானதும், கஸ்தூரியம்மாள் முதல் ஆளாக ஓடிவந்தாள். "ஆத்தா, கண்ணு?"

மாரீஸ்வரி திரையைக் காட்டினாள். சினேகாவின் கண்கள் இரண்டும் விரிந்து, நனைந்து, சிரித்துக்கொண்டிருந்தன. கஸ்தூரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் பார்வை மாப்பிள்ளைமேல் நகர்ந்தது. பயத்திலோ பதற்றத்திலோ விஜயபாண்டி பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாலி கட்டியிருந்தான். அடுத்த படத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான்.

கஸ்தூரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வீரணன் கூட்டத்தை விலக்கி வந்து பார்த்தார். "ஏலே, உனக்கு வெளிச்சம் ஆகாதாடா?" என்று அவர் கேட்டதும் பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அக்கா, இன்னொருக்க முடிச்சுப் போடுற மாதிரி நிக்கிறேன், எடுங்களேன்," என்று கெஞ்சினான் விஜயபாண்டி.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் சினேகா. புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "இதையே பெருசாப் போட்டு வீட்டுல மாட்டணும்."

பந்தியில் வீரணனே மாரீஸ்வரிக்கு இலை போட்டு, கேசரியை இரண்டு தடவை வைத்தார். ஆவணியில் தன் மகள் சொர்ணலதாவுக்குக் கல்யாணம் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே சுருளிராஜன் அவளிடமிருந்து புதுக் கேமராவை வாங்கிக்கொண்டு, பந்தியில் சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். வந்து காட்டினான். ஒரு படத்திலும் முகம் தெளிவாக இல்லை. இலையில் இருந்த அப்பளம் மட்டும் கொப்புளம் கொப்புளமாகத் துல்லியமாகத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் ரசத்துக்குக் கையைக் குவித்தாள்.