மலை ஏறுமுன் எழுதிய அறிக்கை

எங்கள் ஊர் கிள்ளானில், சங்கக் கூடத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். தாள்கள் பறந்தன. செஞ்சிக்கோட்டைப் பயண அறிக்கை, மூன்று பக்கம். செயலாளர் என்ற முறையில் படிக்கவேண்டியவன் நான். அதில் இரண்டரைப் பக்கத்தை விமானம் ஏறுவதற்கு இரு வாரம் முன்பே எழுதி முடித்திருந்தேன். எதையும் முன்கூட்டிச் செய்துவைப்பது என் பழக்கம். கோட்டையைத் தொடங்கிய கோன் வம்சம், நாயக்கர்கள், மராட்டியர், மலையடியில் ஏழு வருஷத்துக்கு மேல் முற்றுகையிட்டுக் கிடந்த முகலாயப் படை, உச்சிக்குச் சற்று முன் பாறைப் பிளவின்மேல் போட்ட பலகைப் பாலம், எல்லாம் புத்தகங்களில் குறித்தவை. ‘பாலத்தைக் கடந்து நாங்கள் உச்சியில் நின்றபோது’ என்றுகூட எழுதியாயிற்று.

ஆனால் செஞ்சிக்குப் போய் ஏறத் தொடங்கியதும், நூறு படிக்குள் என் முட்டி மடங்க மறுத்துவிட்டது.

“நீங்க உக்காருங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்,” என்றாள் என் மனைவி புனிதா. முப்பத்தொரு வருஷமாகப் பார்த்துவிட்டு வந்து சொல்பவன் நான், கேட்பவள் அவள். எங்கள் குழுவோடு வந்திருந்த, ஸ்ரீ கெம்பாங்கானில் டயர் கடை வைத்திருக்கும் கமலநாதன் அவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். செஞ்சி எந்த மாவட்டம் என்பதுகூடத் தெரியாத மனிதர்.

கல்யாண மகால் நிழலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குரங்கு என் பையிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்றது. விரட்டவில்லை. மேலே மஞ்சள் புள்ளியாக அவள் சுடிதார், பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. அத்தனை வருஷம் கீழே கிடந்த முகலாயத் தளபதி மேலே பார்த்து என்ன நினைத்தான் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிப் பாறைக்குப் பின்னால் மறைந்தன.

இறங்கி வந்தவள் முகம் சிவந்திருந்தது. “அந்தப் பாலத்துல கால் நடுங்கிருச்சிங்க. கமலநாதன் அண்ணன்தான் கை குடுத்தாரு.”

அண்ணன் என்றுதான் சொன்னாள். எனக்குக் கை மட்டுமே கேட்டது.

கூடத்தில் நான் முற்றுகை வரை படித்ததும் முன்வரிசையிலிருந்து கமலநாதன், “இதெல்லாம் புனிதா அக்கா மேலயே சொல்லிட்டாங்க, செகரட்டரி. கைடே வேணாம் லா, ஃபுல் ஹிஸ்டரி,” என்றார்.

விமானத்தில் நான் அவளுக்குச் சொன்ன வரலாறு. அத்தனையும் அந்த வெள்ளைச் சட்டைக்குப் போயிருக்கிறது.

“மேல காத்து எப்படி அடிச்சிச்சு, அத படிங்க பாஸ்,” என்றார் கமலநாதன் மறுபடியும்.

கூடம் சிரித்தது. அடுத்த வரி பாலம். புனிதா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கேருந்து நீ படி,” என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளின் மறுமுனையைப் பிடித்தாள்.

“விடுங்க,” என்றாள் மெல்ல.

நான் விடவில்லை. இருவருக்கும் நடுவே தாள் அந்தப் பாலத்துப் பலகைபோல விறைத்து நின்றது.