பத்தொன்பதாவது கட்டம்

விண்ணப்பம் அன்று இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. ஃபேன்காரம்மா தரையில் உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கணவர் நாற்காலியில் இருந்தார். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொழில் குடும்பத் தலைவர்னு தெளிவாத்தானே எழுதினேன்? இதுக்கு மேல என்ன தொழில் வேணுமாம்?"

மேலதிகாரி ஒருமையில் கூப்பிட்டார் என்று அவர் வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தெரு முழுக்க ஃபேனும் துவைக்கிற மெஷினும் பழுது பார்த்து வீட்டை ஓட்டுகிறவள் அவள்தான். ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகச் சுற்றும் மெஷின் அவளிடம் இல்லை. மோட்டார் எரிந்து வந்தால் பெரிய கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசு அவருக்கு, கைக்கரி இவளுக்கு. பெண்கள் சொந்தக் காலில் நிற்க அந்தப் பகுதியின் உதவிக் குழு மானியமாக மெஷின் தருகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாக ஓடினாள்.

விண்ணப்பத்தில் பத்தொன்பது கட்டங்கள். பதினெட்டு அவளைப் பற்றியவை. பத்தொன்பதாவது: 'விண்ணப்பதாரரைத் தாங்கும் ஆண், அவர் தொழில், கையெழுத்து.' முதல் முறை, அப்படி யாரும் இல்லை என்பதே உண்மை என்று அதைக் காலியாக விட்டாள். திரும்பி வந்தது. இரண்டாம் முறை குடும்பத் தலைவரே எழுதினார். அதுவும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மறுநாள் குழுவின் செயலாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தாள்.

"ஒரு ஆம்பளை தாங்காம நீங்க எப்படிம்மா சொந்தக் கால்ல நிக்க முடியும்?" என்றார் செயலாளர். கேலி ஒன்றுமில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"அவர் வேலைக்குப் போகலீங்க. அதனாலதான் நான் மெஷின் கேக்கறேன்."

"அண்ணன், தம்பி?"

"இல்லீங்க."

"பக்கத்து வீட்டுக்காரர் யாராவது?"

"பக்கத்து வீட்டுக்காரர் என்னை எதுக்குங்க தாங்கணும்?"

அதுவும் நியாயம்தான் என்று செயலாளருக்குப் பட்டது. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஆடியது. செயலாளர் விண்ணப்பத்தை மறுபடி புரட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் வேலையில இருக்கார்னு ஒரு முதலாளி எழுதிக் குடுத்தாப் போதும்மா."

"எந்த முதலாளியா இருந்தாலும் சரியா?"

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல. கடிதம் இருக்கான்னுதான் பாப்போம்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினாள்: 'இவர் என்னிடம் உதவியாளராக வேலை பார்க்கிறார். நேரத்துக்கு வருவார். இப்படிக்கு, முதலாளி.' கீழே தன் பெயரைப் போட்டாள்.

கணவர் படித்துவிட்டு முகம் சிவந்தார். "உனக்குக் கீழயா நான்?"

"தாள்லதாங்க. விண்ணப்பத்துல இந்தப் பக்கம் பாருங்க, என்னைத் தாங்கறவர்னு உங்களைத்தான் போட்டிருக்கு."

அவர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். கையெழுத்தை அழகாகச் சுழித்துப் போட்டார்.

செயலாளர் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் படித்தார். இந்தப் பெண்ணைத் தாங்குகிறவர் அந்த உதவியாளர். அந்த உதவியாளரை வேலைக்கு வைத்திருப்பது இந்தப் பெண். "இப்பத்தாம்மா எல்லாம் சரியா இருக்கு" என்று முத்திரையைக் குத்தினார்.

மெஷின் வழங்கும் விழாவில், பெண்ணை உயர்த்திய ஆண் என்று கணவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பெண்களுக்குத் தன்னம்பிக்கை வேண்டும் என்று அவர் இருபது நிமிடம் பேசினார். பிறகு எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொள்ள வந்தபோது, "நீங்க அந்த மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா" என்றார் ஒருவர். அவள் தூக்கிக்கொண்டு ஓரமாகத்தான் நின்றாள். ஆனாலும் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை, கட்டிலருகே போய் அவரை எழுப்பினாள்.

"ஒன்பது மணி ஆச்சுங்க. வேலைக்கு வாங்க."

"எந்த வேலைக்கு?"

"என்கிட்ட பாக்கற வேலைக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குழு வந்து பாக்குமாம். தாங்கற ஆம்பளை வேலையில இல்லேன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்க. சால்வையையும் கேப்பாங்களோ என்னவோ."

"நான் இந்தக் குடும்பத்துக்குத் தலைவர்டி."

"அது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. இப்ப அந்தப் பழைய கம்பியைப் பிரிங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்து முன்னறையில் உட்கார்ந்தார். விழாவில் போர்த்திய சால்வையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை. சற்று நேரத்தில் ஒருவர் மேசை ஃபேனோடு உள்ளே வந்தார். மெஷினில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவளைத் தாண்டி, சால்வைக்காரரிடம் போனார்.

"முதலாளி, இது எப்ப கிடைக்கும்?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. "வியாழக்கிழமைன்னு சொல்லுங்க."

"வியாழக்கிழமை" என்றார் அவர்.

"சரிங்க. ஒரு ஆம்பளை வார்த்தையை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர் இறங்கிப் போனார்.

ஃபேன்காரம்மா மெஷினை நிறுத்தினாள். ஒரு சீட்டும் பேனாவும் எடுத்துக் கணவர் பக்கம் தள்ளினாள்.

"வந்தவர் பேரை எழுதி ஃபேன்ல ஒட்டிடுங்க. எழுத்து அழகா இருக்கட்டும். அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கேன்."