பைப் போட்டு முறுக்கிய போல்ட்

அது போல்ட் இல்லை, பிடிவாதம் பிடித்த சனியன். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மெக்கானிக் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். தங்கையின் செருப்புக் கால்கள் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. அவை ஓரிடத்தில் நிற்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவள் புருஷனுக்குச் சாயங்காலம் இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்குள் இவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனுஷன் போனில் அழுதிருக்கிறார். பஸ் ஸ்ட்ரைக். பட்டறையில் மற்ற வண்டிகளெல்லாம் இன்ஜினை இறக்கிப்போட்டுக் கிடந்தன. இவள் காரிலோ பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியது. அதோடு மலை இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதே இல்லை, நேரே மேலே போய்விடலாம்.

பேடை மாற்ற இரண்டு போல்ட் கழல வேண்டும். கீழ் போல்ட் மரியாதையாக வந்துவிட்டது. மேல் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், சுத்தியலால் தட்டினார். ஊஹூம். ஸ்பேனர் வழுக்கி வழுக்கி அதன் தலை மழுங்கியதுதான் மிச்சம்.

"எந்தப் படுபாவிண்ணா இதை இப்படி முறுக்குனான்?" என்றாள் தங்கை.

"நான்தாம்மா."

ஊரார் வண்டியென்றால், அளவு ஸ்பேனரில் இறுக்கம் போதும் என்கிற 'டிக்' சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிற ஆள். போன தடவை, தங்கச்சி ஓட்டுகிற வண்டியாயிற்றே, கழன்றுவிட்டால் என்ன ஆவது என்று ஸ்பேனரில் நீளப் பைப்பை மாட்டி ஏறி மிதிக்காத குறையாக முறுக்கியிருந்தார். பாசமாம் பாசம்! அந்தப் பாசத்தில் தீயை வைக்க.

செருப்புகள் நின்றுவிட்டன. "ஐயோ, அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாருண்ணா."

இனி போல்ட்டின் தலையைக் குடைந்து எடுப்பதுதான் வழி. கை கொஞ்சம் தவறினாலும் எல்லாம் போச்சு. ட்ரில் அலறியது, இரும்புத்தூள் முகத்தில் கொட்டியது. என்னால அந்த மனுஷன் இவ முகம் பாக்காம போயிடக் கூடாது, கடவுளே. அதையே முணுமுணுத்துக்கொண்டு அழுத்தினார்.

தலை தரையில் விழுந்தது. இறுக்கம் விட்டுப்போன மிச்சத் தண்டைக் குறட்டால் அசைத்தார். சண்டையே போடாதது மாதிரி சுழன்று வந்தது. அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

புதுப் பேட், புது போல்ட். டிக். கை தன்னாலே பைப்பைத் துழாவியது.

"அண்ணா, போதும். விட்டுடு."

விட்டுவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. "பாத்துட்டேண்ணா. என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் உள்ள போனாரு."

அவருக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"போல்ட் கழலலையேம்மா?" என்றார்.