நாரைப் பாடம்

கவிப்பிரியா விரலைத் தூக்கி அடுத்த வரிக்குப் போகும் நேரத்தில் மின்விசிறிக் காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "ஏரிக்கு நாரை வந்தது. ஒற்றைக் காலில் நின்றது. மீன் துள்ளியது" என்று மணி மணியாக வாசித்துக்கொண்டே போனாள். விரலும் எழுத்துக்குக் கீழே ஒழுங்காக நகர்ந்தது. புரண்ட பக்கத்தில் இருந்ததோ சந்தைப் பாடம். அதில் கத்தரிக்காய் உண்டு, தராசு உண்டு. நாரையும் இல்லை, மீனும் இல்லை.

நாளைக் காலை இந்த ஐந்தாம் வகுப்புக்காரி வாசிப்பதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் கிடக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தை யார் சீந்துவார்கள்? ஜன்னலைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும், அவ்வளவுதான் எங்கள் பெருமை. இந்த வருஷம் வாசிப்பையும் கணக்கையும் தூக்கி நிறுத்தச் சொல்லி மேலிருந்து ஒரே நெருக்கடி. படிக்கத் தெரியாத பிள்ளைகளை மதியத்தில் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் வாசிக்கும் வீடியோவை வாராவாரம் கேட்டால் நான் என்ன செய்வேன்? நாரைப் பாடத்தை நான் சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும். காலையில் ஒரு தரம், சோற்றுக்கு முன்னால் ஒரு தரம். ஏழாம் வாய்ப்பாடும் அப்படித்தான், பாட்டாகவே பாடுவார்கள். ஏழு பேருக்கு ஆளுக்கு மூன்று பிஸ்கட் என்றால் எத்தனை என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள். கவிப்பிரியாவின் வீடியோ வட்டாரம் முழுக்கச் சுற்றியது. நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

தலைமையாசிரியர் மணவாளனிடம் ஓடினேன். "சார், அவளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லாம் மனப்பாடம்."

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஒரு நாளு அந்தப் பக்கத்தையே குடுங்க டீச்சர். அப்புறம் சாவகாசமா சொல்லிக் குடுங்க. யாரு வாணாங்குறாங்க?"

அப்புறம் ஏது? நாளை வாசித்துக் காட்டிவிட்டால், படிக்கத் தெரிந்தவள் என்று சொல்லி மதிய வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு, பெரிய பள்ளி. அங்கே யார் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக் காட்டப்போகிறார்கள்?

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி அவள் அம்மா ஓடிவந்தாள். பழவேற்காட்டில் மீன்பாடு குறைந்துபோய், இங்கே பேக்கிங் வேலைக்கு வந்த குடும்பம்.

"டீச்சர், நாளைக்கு லீவு சொல்லிக்கினு வரேன். வெளிய நின்னு பாக்கலாமில்ல?"

"பாக்கலாம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"இன்னா டீச்சர்? நல்லாத்தானே படிக்குது? கம்பெனில நான் கைநாட்டு வெச்சா சிரிப்பாளுங்க. இப்ப என் பொண்ணு வீடியோவ அவளுங்களுக்குப் போட்டுக் காட்டிக்கினு திரியறேன். ஒவ்வொருத்தி மூஞ்சியும் பாக்கணுமே!"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, "நல்லா தலை சீவி அனுப்பு" என்றேன். தூ, நானும் ஒரு டீச்சர்!

மறுநாள் அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "படிம்மா கண்ணு" என்றார். கவிப்பிரியா நாரைப் பக்கத்தில் விரல் வைத்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் அம்மா. மணவாளன் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் குனிந்து பக்கத்தைத் திருப்பினேன். "இதப் படி பாப்பா. தெரியாட்டி தெரியலன்னு சொல்லு, ஒண்ணும் இல்ல."

அவள் பார்த்தாள். "ச..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. நிமிர்ந்து அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பின்வரிசையில் யாரோ மெல்ல ஆரம்பித்தார்கள். "ஏரிக்கு நாரை வந்தது." பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். தோழியைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். "ஒற்றைக் காலில் நின்றது." வகுப்பு முழுவதும் எழுந்து நின்று கத்தியது. ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. அதிகாரியின் கைபேசி முகம் முகமாக நகர்ந்தது. வெளியே அம்மா கை தட்டினாள். கவிப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்காய்ப் படத்துக்குக் கீழே விரலை ஓட்டி, எல்லோரையும்விடச் சத்தமாக, "மீன் துள்ளியது" என்றாள்.