நூற்றுக்குப் பத்து கொசுறு

குர்லாவில் கரீம் பாட்சாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தக் கம்பிக் காயில் சுற்றும் மெஷினைத் தூக்கிவந்த நாளிலிருந்தே எனக்கு நிம்மதி போயிற்று. மூன்று மாதம் மண்ணெண்ணெய் ஊற்றி, துருவைச் சுரண்டி, தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து போட்டு, ஒருவழியாக ஓடவைத்தேன். சுற்றுகளை எண்ணும் மீட்டரின் சக்கரத்தில் மட்டும் பல்லே இல்லை. என் தாராவி பட்டறைக்கு வருவது ஃபேன் காயில்தானே, சில நூறு சுற்றை வாயால் எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வம்பு மாட்டுங்காவிலிருந்து வந்தது. பஞ்சாபகேசன் என்ற ஆபீஸ்காரரும் மகள் ஷ்யாமளாவும். அவள் ஹவாயன் கிடார் வாசிப்பவள். தந்தியின் சத்தத்தை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புக்குள் காயில் அறுந்துபோயிருந்தது.

"புதன்கிழமை மூணு மணிக்கு ரேடியோல தேர்வு, நம்பிராஜன். பாஸ் பண்ணினா கல்யாணத்துக்கப்புறமும் வாசிக்கலாம், இல்லேன்னா கிடாரை மூட்டை கட்டிடணும்னு மாப்பிள்ளை ஆத்துல சொல்லிட்டா" என்றார். அவள் கிடார் பெட்டியை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

எட்டாயிரம் சுற்று. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, இருந்ததே ஒரு உருளைதான். கம்பியைப் பிடித்துவிட என் இரண்டு கையும் வேண்டும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் காயில் பத்துமுறை சுற்றும். ஆக எண்ணூறு தடவை எண்ணிச் சுற்ற ஓர் ஆள் தேவை. வீட்டில் சும்மா கிடந்தவன் என் மனைவியின் தம்பி சொரிமுத்து. பதினாலு வருஷம் அரிசிக்கடையில் படியளந்தவன், எண்ணத் தெரியும் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"லாபம்... ரெண்டு... மூணு..." என்று ஆரம்பித்தான்.

"ஏலே, ஒண்ணுன்னு சொல்லித் தொலையேம்ல. இதென்ன அரிசியா?"

"மொத அளவை ஒண்ணுன்னு சொன்னா வெளங்குமா, அத்தான்?"

பிறகு மனசுக்குள் எண்ணினான். நானும் கம்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் முடிந்தது. உருக்கிய மெழுகில் காயிலை முக்கி எடுத்து, ஆறவைத்து, உலோக மூடியைப் போட்டேன். ஏறவில்லை. திருப்பிப் போட்டேன். ம்ஹும். கல்யாண விருந்து தின்றவன் வயிறு மாதிரி காயில் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை சுத்து சுத்துனலே?"

"நீங்க சொன்ன எண்ணூறுதான். கொசுறு தனி."

"கொசுறா?"

"நூத்துக்குப் பத்து. அளந்த மாதிரியே குடுத்தா வாங்குதவுக மூஞ்சி சுண்டிரும்லா? பாவம், கல்யாணப் பொண்ணு வேற..."

அட பாவி! இனிப் பிரிக்கவும் முடியாது. மெழுகில் ஒட்டிய கம்பி துண்டு துண்டாகத்தான் வரும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் வருத்தமாக, "கொறச்சா அளந்தேன்?" என்றான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன் மத்தியானம் இருவரும் வந்தார்கள். சொரிமுத்துவின் கொசுறு உட்பட உள்ளதைச் சொன்னேன். பஞ்சாபகேசன் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"காயில் வேலை செய்யறதா?" என்றாள் ஷ்யாமளா.

"செய்யுதும்மா. மூடிதான்..."

"மூடாமலே மாட்டுங்கோ."

மாட்டினேன். ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்தாள். கூடுதல் சுற்றுக்குக் கூடுதல் சத்தம், தாராளமாக வந்தது. அதே வரியை இன்னொரு தரம் வாசித்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள்.

"இப்படிக் கம்பியெல்லாம் வெளியே தெரிய எடுத்துண்டு போறதா? பாக்கறவா என்ன நினைப்பா?" என்றார் அப்பா.

"பாக்கறதுக்குத்தான் ஏழு பேர் ஆத்துக்கு வந்துட்டுப் போயாச்சேப்பா. இன்னிக்கு வாசிக்கறதைக் கேக்கப் போறா. வாங்கோ."

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு டாக்ஸி பிடிக்க நடந்தாள். அவர் மூடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

பத்து நாள் கழித்து கார்டு வந்தது. பாஸ். கிடாரையும் கூடவே எடுத்துக்கொண்டு புக்ககம் போகிறாளாம். 'சொரிமுத்து அண்ணாவுக்கு என் நன்றி' என்று முடித்திருந்தாள். மூன்று மாதம் மண்ணெண்ணெயில் கிடந்தவன் பேர் அதில் எங்குமே இல்லை. சொரிமுத்துவுக்குப் படிக்கவும் தெரியாது. நான்தான் மூன்று தடவை படித்துக்காட்ட வேண்டியிருந்தது.